மூன்றரை வயதுப் பிள்ளை, வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம்: சொல்வளம் உண்மையிலேயே குறைவா?

வன்னிமகள் (ஸ்காபரோ) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்றரை வயது. வருகிற செப்டெம்பரில் கனடாவின் ஒன்ராறியோ மாகாண முறைப்படி இளநிலைப் பாலர் வகுப்பில் சேரவிருக்கிறாள். சென்ற ஆண்டின் இறுதிவரை அவளைப் பகல் முழுவதும் என் அம்மாதான் பார்த்துக்கொண்டார். அம்மா ஊருக்குத் திரும்பிய பின், நானும் கணவரும் வேலைக்குப் போவதால், ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் அவளைச் சேர்த்தோம். நாங்கள் இருவரும் வீட்டில் தமிழிலேயே பேசுகிறோம். மூத்த மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். எங்களுடன் தமிழிலும் தங்கையுடன் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பேசுகிறான்.

சில நாட்களுக்கு முன் நிலையத்தில் என்னை அழைத்து, பிள்ளையின் சொல்வளம் வயதுக்குரிய அளவில் இல்லை என்று சொன்னார்கள். பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டபோது வாளி, தலையணை, துவாய், கரண்டி போன்ற சாதாரண வீட்டுப் பொருட்களுக்குக்கூட அவளால் பெயர் சொல்ல முடியவில்லையாம். வீட்டிலும் ஆங்கிலம் பேசத் தொடங்கினால் செப்டெம்பருக்குள் நிலைமை சீராகும் என்பது அவர்களுடைய ஆலோசனை. என் கணவரின் அண்ணன் குடும்பத்தினரும் அதையே சொல்கிறார்கள்.

எனக்குக் குழப்பமாக இருப்பதற்குக் காரணம், அட்டையில் அவள் பெயர் சொல்லாத பொருட்கள் எல்லாவற்றையும் வீட்டில் அவள் நாள்தோறும் பெயர் சொல்லிக் கேட்கிறாள் என்பதுதான். அம்மாவுடன் குசினியில் (சமையலறையில்) இருந்தே வளர்ந்ததால் சுளகு, திருவலை (தேங்காய் துருவி), நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கும் பெட்டி) எல்லாம் அவளுக்குத் தெரியும். இங்கே பிறந்த பெரிய பிள்ளைகள் பலருக்கே அவை தெரியாது. அதே வேளையில், பனிக்காலக் காற்சட்டை, பசைக்குச்சி, வண்ணத் தூரிகை போன்றவற்றை ஆங்கிலத்தில் மட்டுமே சொல்கிறாள். நாங்கள் அவற்றைத் தமிழில் சொன்னதில்லை.

ஆகவே என் கேள்விகள் இவைதாம். இவளுக்குச் சொல்வளம் குறைவு என்பது சரிதானா? நாங்கள் வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினால் உண்மையில் பயன் கிடைக்குமா? அம்மா போன பின் தமிழில் பதில் சொல்வதும் குறைந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அரைகுறையாகி விடுவாளோ என்பதே என் பயம்.


பேச்சுப்பயிற்சியாளர் (மிசிசாகா) எழுதியது:

சகோதரி, நான் சென்னையில் படித்து, இப்போது டொராண்டோ வட்டாரத்தில் குழந்தைகளுக்கான பேச்சு மற்றும் மொழிப் பயிற்சியில் பணிபுரிகிறேன். உங்கள் மகளைப் பார்க்காமல் அவளைப் பற்றி முடிவு சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் விவரித்த நிலைமை எங்கள் துறையில் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவதாக, அந்த அட்டைகள் உங்கள் மகளின் ஆங்கிலச் சொற்களை அளந்தன. அவளுடைய சொல்வளத்தை அளக்கவில்லை. இந்த வேறுபாட்டை 1993இலேயே மயாமி நகரில் பார்பரா பியர்சனும் உடன் பணியாற்றியவர்களும் தெளிவாகக் காட்டினார்கள். ஸ்பானியமும் ஆங்கிலமும் கேட்டு வளரும் கைக்குழந்தைகளையும் நடைபழகும் குழந்தைகளையும் ஒருமொழிக் குழந்தைகளுடன் ஒப்பிட்டபோது, இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் இருமொழிக் குழந்தைகள் பின்தங்கியிருப்பதாகச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. தென் புளோரிடாவில் எரிகா ஹாஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வும் அதையே உறுதி செய்தது. இரண்டு வயதை ஒட்டிய காலத்தில் இருமொழிக் குழந்தைகளின் மொத்தச் சொற்கள் ஒருமொழிக் குழந்தைகளுக்கு இணையாகவே வளர்கின்றன. ஒவ்வொரு மொழியையும் தனியே எடுத்தால் குறைவாகத் தெரிகிறது. அந்தக் குறைவும் காரணமின்றி வருவதில்லை. எந்த மொழியை எவ்வளவு நேரம் கேட்கிறார்களோ, அந்த மொழிச் சொற்கள் ஏறத்தாழ அந்த விகிதத்திலேயே அமைகின்றன. பியர்சன் குழுவின் 1997ஆம் ஆண்டு ஆய்வு இதை எண்களாகக் காட்டியது. ஒரு மொழியைக் கேட்கும் நேரம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும்போது, குழந்தைகள் அந்த மொழியில் பேசவே தயங்குகிறார்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டார்கள். அம்மா ஊருக்குப் போன பின் உங்கள் மகளின் தமிழ்ப் பதில்கள் குறைந்ததை இந்தக் கோணத்தில் பார்த்தால், அவள் மொழியை வெறுக்கிறாள் என்றோ மறந்துவிட்டாள் என்றோ நினைக்கத் தேவையிருக்காது. பகல் முழுவதும் தமிழில் பேசிய ஒருவர் வீட்டிலிருந்து போய்விட்டார், கணக்கு மாறிவிட்டது.

இரண்டாவதாக, அட்டையில் எந்தப் பொருட்களுக்கு அவள் பெயர் சொல்லவில்லை என்று பாருங்கள். தலையணை, துவாய், வாளி, கரண்டி எல்லாமே வீட்டுக்குள் புழங்குபவை. இதே டொராண்டோவில், யார்க் பல்கலைக்கழகத்தின் எலன் பியாலிஸ்டாக் குழு 2010இல் 3 முதல் 10 வயது வரையுள்ள 1,738 பிள்ளைகளின் ஆங்கிலச் சொல்லறிவைத் திரட்டி ஆராய்ந்தது. ஒவ்வொரு வயதிலும் ஒருமொழிப் பிள்ளைகளே சராசரியில் முன்னே இருந்தார்கள். ஆனால் ஆறு வயதினரிடம் சொற்களைப் பிரித்துப் பார்த்தபோது, வேறுபாடு வீட்டுச் சூழலுக்குரிய சொற்களிலேயே இருந்தது. பள்ளிச் சூழலில் வழங்கும் சொற்களில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. வேறு மொழியில் இயங்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு வீட்டுப் பொருட்களின் ஆங்கிலப் பெயர்கள் யார் வாயிலிருந்து வரும்? பராமரிப்பு நிலையத்தில் தலையணையைப் பற்றி எத்தனை முறை பேச்சு எழும்?

மூன்றாவதாக, புரிந்துகொள்வதற்கும் எடுத்துச் சொல்வதற்கும் ஒரு மொழியைக் கேட்க வேண்டிய நேரம் ஒன்றல்ல. மொன்றியலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த எலின் தோர்டார்டோட்டிர், 2011இல் வெளியிட்ட கட்டுரையில், இரு மொழிகளையும் ஏறக்குறையச் சமமாகக் கேட்ட பிள்ளைகள் புரிதலில் ஒருமொழிப் பிள்ளைகளை எட்டிவிட்டதாகவும், தாமாகப் பெயர் சொல்வதில் அவர்களை எட்ட அந்த மொழியை அதைவிடக் கூடுதலான நேரம் கேட்க வேண்டியிருந்ததாகவும் காட்டினார். உங்கள் மகளிடம் நிலையத்தில் பெயர் சொல்லத்தான் கேட்டிருக்கிறார்கள். நான்கு படங்களை வைத்து "துவாய் எது, காட்டு" என்று ஆங்கிலத்திலேயே கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கக்கூடும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழி வளர்ச்சியில் உண்மையான சிக்கல் உள்ள பிள்ளைக்கு அது இரண்டு மொழியிலும் தெரியும். முதற்சொல் மிகவும் தாமதமாக வந்ததா, இரண்டு வயதைத் தாண்டியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையா, தமிழில் சொல்லும் சிறு கட்டளைகளையே புரிந்துகொள்ளத் தடுமாறுகிறாளா, குடும்பத்தில் யாருக்காவது பேச்சு தாமதமாக வந்ததா, காது சரியாகக் கேட்கவில்லையா என்பவையே நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகள். இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் பள்ளி தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் சொல்லிக் கேட்கும் திறன் சோதனைக்கும், மாகாணத்தின் இலவச முன்பள்ளிப் பேச்சு மொழித் திட்டத்துக்கும் பதிவு செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கொப்பியில் குசினி, குளியலறை, உடுப்பு, விளையாட்டு, வெளி, உடல், உறவு என்று பக்கங்களைப் பிரித்து, அவள் தானாகச் சொல்லும் சொற்களைக் கேட்கக் கேட்க எழுதுங்கள். எந்த மொழி என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். நிலையத்துக்கு அதை எடுத்துச் சென்றால் பேச்சு வேறு விதமாக நடக்கும்.


கணக்கன் (பிராம்ப்டன்) எழுதியது:

பயிற்சியாளர் அவர்கள் சொன்ன ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறுதல் சொல்லும் பாதியை நீட்டியும் மற்ற பாதியைச் சுருக்கியும் சொல்கிறோமோ என்று தோன்றுகிறது. அவர் சுட்டிய டொராண்டோ ஆய்விலேயே, ஒவ்வொரு வயதிலும் இருமொழிப் பிள்ளைகளின் ஆங்கிலச் சொற்கள் சராசரியில் குறைவு என்று வந்திருக்கிறது. வகுப்பில் ஆசிரியை படிக்கும் கதைப்புத்தகத்தில் தலையணையும் வாளியும் வரும். இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணினால் சமம் என்று நாம் சொல்லலாம்; வகுப்பறையில் யாரும் சேர்த்து எண்ணப் போவதில்லை.

பிள்ளை விழித்திருக்கும் நேரம் அளவானது. ஒரு மொழிக்குக் கொடுக்கும் மணி இன்னொரு மொழியிலிருந்து எடுத்த மணிதான். நாங்கள் மகன் பாலர் வகுப்புக்குப் போவதற்கு முன்பே வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினோம். பள்ளியில் அவனுக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. இப்போது அவன் அப்பத்தா பேசுவதைப் புரிந்துகொள்வான், ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அது இழப்புதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே கொடுத்த விலை. குடியேறிய குடும்பம் ஒவ்வொன்றும் இந்த விலையைத் தன் நிலைமைக்கு ஏற்பத்தான் தீர்மானிக்க முடியும். மற்றவர்கள் வெளியிலிருந்து "தமிழை விடாதே" என்று சொல்வது எளிது.


சனிவகுப்பு ஆசிரியர் (மார்க்கம்) எழுதியது:

கணக்கன் ஐயா நேரக் கணக்கை எழுப்பியது நல்லது. அதையே எண்களால் போட்டுப் பார்ப்போம். இந்த வயதுப் பிள்ளை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கிறது என்று கொண்டால் வாரத்துக்கு 84 மணி. காலை எட்டு முதல் மாலை ஐந்தரை வரை பராமரிப்பு நிலையத்தில் இருந்தால் ஐந்து நாட்களில் 47.5 மணி ஆங்கிலம். அதாவது 57 விழுக்காடு. தமிழுக்கு எஞ்சியிருப்பது 36.5 மணி, 43 விழுக்காடு. இதிலிருந்து வாரத்துக்குப் பத்து மணியை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் ஆங்கிலம் 68 விழுக்காட்டுக்கு ஏறும், தமிழ் 32க்கு இறங்கும். காரில் போகும் நேரம், தொலைக்காட்சி, அண்ணனுடன் ஆங்கிலத்தில் விளையாடும் நேரம் ஆகியவற்றையும் கழித்தால், பயிற்சியாளர் சொன்ன ஐந்தில் ஒரு பங்கு என்ற எல்லையைத் தமிழ் தொட்டுவிடும். ஏற்கெனவே அதிகமாக உள்ள மொழி இன்னும் சிறிது கூடுகிறது. குறைவாக உள்ள மொழியோ பேசாமற்போகும் இடத்துக்கு வந்துவிடுகிறது. இந்தப் பத்து மணி நேரத்தால் இரண்டு மொழிக்கும் வரும் விளைவு ஒரே அளவானதன்று.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். பெற்றோர் பலர் தமிழுக்கு என் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். என் வகுப்பு இரண்டரை மணி நேரம். 84இல் அது மூன்று விழுக்காடு. எழுத்தை அறிமுகப்படுத்த அது போதும். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்வளம் ஊட்ட அது ஒருபோதும் போதாது. இதைச் சொல்வதால் என் வகுப்புக்கு ஆள் குறைந்தால் குறையட்டும்.

மணிக்கணக்கைப் போலவே முக்கியமானது அந்த மணியில் என்ன பேசுகிறோம் என்பது. வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிய பெற்றோரில் பலர் பேசும் ஆங்கிலத்தைக் கவனித்திருக்கிறேன். வா, போ, சாப்பிடு, சீக்கிரம், செய்யாதே, படு என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்களே தமிழில் பேசும்போது காரணம் சொல்கிறார்கள், கேலி செய்கிறார்கள், பழைய கதை சொல்கிறார்கள், பிள்ளையின் கேள்விக்கு மறுகேள்வி போடுகிறார்கள். எரிகா ஹாஃப், சிந்தியா கோர், கேத்தரின் ஷாங்க்ஸ் மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது: ஒருவர் எந்த மொழியில் எவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்கிறாரோ, அதற்கேற்பவே குழந்தையிடம் அவர் பேசும் பேச்சின் தரமும் அமைகிறது. கணக்கன் ஐயாவின் வீட்டில் ஆங்கிலம் சரளமாக இருந்திருக்கலாம். அதனால் அவருடைய மகனுக்குத் தொல்லை வராமல் இருந்திருக்கலாம். அதை எல்லா வீட்டுக்கும் பொருத்த முடியாது.

சொற்கள் எங்கே விளைகின்றன என்பதற்கு என் வகுப்பில் கண்ட ஒன்று. பாட்டியிடம் வளர்ந்த ஒரு சிறுமியிடம் புட்டு எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். மாவில் சுடுதண்ணீர் தெளித்துக் குழைக்க வேண்டும், சுண்டுப் பேணியால் கொத்த வேண்டும், தேங்காய்ப்பூவைத் தூவ வேண்டும், நீத்துப்பெட்டியில் போட்டு அவிக்க வேண்டும், ஆவி வந்தால் இறக்க வேண்டும் என்று நிறுத்தாமல் சொன்னாள். பக்கத்திலிருந்த பையனுக்குப் புட்டு மிகவும் பிடிக்கும். "அம்மா செய்வா, நான் சாப்பிடுவேன்" என்பதோடு அவன் நின்றுவிட்டான். இருவரும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள்தாம். ஒருத்தி வேலை நடக்கும் இடத்தில் நின்று அதைப் பற்றிய பேச்சைக் கேட்டவள். மற்றவன் தட்டு மேசைக்கு வந்த பின் அழைக்கப்பட்டவன். தெளி, குழை, கொத்து, தூவு, அவி, இறக்கு என்று எத்தனை வினைச்சொற்கள் ஒரே வேலையில் கிடைத்திருக்கின்றன என்று பாருங்கள். பொருட்பெயர்களைப் பட அட்டையிலும் கற்றுவிடலாம். வினைகளுக்குச் செய்கை வேண்டும், செய்கையின்போது பேசும் ஆள் வேண்டும்.

பெற்றோர் பேசும் விதத்துக்கும் பிள்ளை பேசுவதற்கும் உள்ள தொடர்பைப் பெரிய அளவில் பார்க்க விரும்புவோர், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் அன்னிக் டி ஹவர் நடத்தி 2007இல் வெளியிட்ட கணக்கெடுப்பைக் கவனிக்கலாம். வீட்டில் டச்சு அல்லாத மொழியும் வழங்கும் 1,899 குடும்பங்கள். பெற்றோர் இருவரும் அந்தச் சிறுபான்மை மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டில் பிள்ளைகள் அதைப் பேசினார்கள். ஒருவர் ஒரு மொழி என்று பிரித்துக்கொண்ட குடும்பங்களில் அது ஏறத்தாழ நான்கில் மூன்றாகக் குறைந்தது. பெற்றோர் இருவரும் டச்சு பேசி, அவர்களில் ஒருவர் மட்டும் மற்ற மொழியையும் சேர்த்துப் பேசிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நின்றது. பிள்ளைகள் டச்சு கற்றார்களா என்று கேட்டால், எல்லோரும் கற்றார்கள். பள்ளி அதைப் பார்த்துக்கொண்டது.


பாசல்வாசி (சுவிட்சர்லாந்து) எழுதியது:

எங்கள் பாசல் நகர மாநிலத்தில் இந்தக் கேள்வி அரசு விதியாகவே இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். பிள்ளைக்கு ஏறத்தாழ மூன்று வயதாகும்போது வீட்டுக்கு ஒரு வினாத்தாள் வரும். பிள்ளைக்கு ஜெர்மன் எவ்வளவு தெரியும் என்பதைப் பெற்றோர் நிரப்பி அனுப்ப வேண்டும். போதாது என்று தெரிந்தால், பாலர் பள்ளிக்கு முந்திய ஆண்டில் வாரத்துக்குச் சில அரைநாட்கள் ஜெர்மன் பேசும் விளையாட்டுக் குழுவுக்கோ பராமரிப்பு நிலையத்துக்கோ பிள்ளையை அனுப்புவது கட்டாயம். 2013இலிருந்து இந்த நடைமுறை இருக்கிறது.

கட்டாயம் என்றதும் எங்கள் சனத்தில் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் பிள்ளைக்கு ஜெர்மன் தெரியுமா என்று மட்டும் கேட்டது. பிள்ளையின் அறிவையோ மொத்தச் சொல்வளத்தையோ பற்றி அது எந்த முடிவும் சொல்லவில்லை. தீர்வும் அதற்கேற்றதாகவே இருந்தது: ஜெர்மன் போதாதென்றால் ஜெர்மன் பேசுவோரிடம் கொண்டுபோய் விடு. நீங்கள் வீட்டில் ஜெர்மன் பேசுங்கள் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், என் ஜெர்மனைக் கேட்டு வளர்ந்தால் என் மகன் வேற்றுமை உருபுகளை என்ன செய்திருப்பான் என்று நினைக்கவே சிரிப்பு வருகிறது.

வன்னிமகள் அக்கா, அந்த நிலையத்தினரிடம் "ஆங்கிலம் கேட்கும் வாய்ப்பு இன்னும் வேண்டும்" என்று சொல்கிறார்களா, "பிள்ளையின் மொழி வளர்ச்சியில் குறை இருக்கிறது" என்று சொல்கிறார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். முதலாவது என்றால் அதற்கு மருந்து அவர்களிடமே இருக்கிறது: நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பிள்ளை அவர்களுடன்தான் இருக்கிறாள். இரண்டாவது என்றால், தமிழ் தெரியாத ஒருவர் ஆங்கில அட்டையை வைத்துச் சொல்லக்கூடிய முடிவு அது அல்ல.


வன்னிமகள் (ஸ்காபரோ) எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பயிற்சியாளர் அவர்கள் சொன்னபடி கொப்பி எழுதத் தொடங்கினேன். குசினிப் பக்கம் முழுவதும் தமிழ். உறவுப் பக்கமும் அப்படியே. மாமி, சித்தி, பெரியம்மா என்று எல்லோரையும் பிரித்துச் சொல்கிறாள். உடல் உறுப்புகள் பெரும்பாலும் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. எனக்கு வியப்பாக இருந்தது நிறங்களும் எண்களும்தான். பச்சை, சிவப்பு, மஞ்சள் எதுவும் அவள் வாயில் தமிழில் வரவில்லை, எல்லாம் ஆங்கிலம். யோசித்துப் பார்த்தால், நிறத்தை நாங்கள் வீட்டில் பெயர் சொல்லிப் பேசுவதே இல்லை. "அந்தச் சட்டையை எடு" என்று கைகாட்டுவோம். நிலையத்தில்தான் நிறத்தைச் சொல்லிச் சொல்லி விளையாட வைக்கிறார்கள்.

பேச்சு தொடங்கிய காலம் பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் "இல்லை" என்றே பதில். ஆனாலும் காது சோதனைக்கு மட்டும் நாள் கேட்டிருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. அண்ணனும் தங்கையும் ஆங்கிலத்தில் பேசுவதைத் தடுக்க வேண்டுமா? தடுத்தால் அவன் முகம் சுருங்குகிறது. மற்றது, அம்மா இப்போது கிளிநொச்சியில் இருக்கிறார். வாட்ஸ்அப் காணொளி அழைப்பால் ஏதாவது பயன் உண்டா, அல்லது யூடியூப்பில் தமிழ்ப் பாட்டுப் போட்டுவிடுவது போதுமா?


பேச்சுப்பயிற்சியாளர் (மிசிசாகா) எழுதியது:

காது சோதனைக்கு நாள் கேட்டது மிகவும் சரி. நிறங்களையும் எண்களையும் பற்றி நீங்கள் கண்டதை என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் காண்கிறேன்; அதற்காக நிறம் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்றைத் தொடங்க வேண்டியதில்லை. உடுப்பு மடிக்கும்போது நீலச் சட்டை யாருடையது, மஞ்சள் துவாய் எங்கே என்று பேசினால் போதும்.

அண்ணனைத் தடுக்க வேண்டாம். வீட்டில் ஆங்கிலத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளைதான் என்பதை பிரிட்ஜஸும் ஹாஃபும் 2014இல் ஸ்பானியம் பேசும் குடும்பங்களில் கண்டார்கள். அத்தகைய அண்ணனோ அக்காவோ உள்ள குழந்தைகள் ஆங்கிலத்திலும், இல்லாத குழந்தைகள் ஸ்பானியத்திலும் முன்னே இருந்தார்கள். கணக்கன் அவர்களின் கவலைக்கும் இதில் ஒரு பகுதிப் பதில் இருக்கிறது: வீட்டு ஆங்கிலத்தைத் தர அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். அவனிடம் பெற்றோர் தமிழை விடாமல் பேசுவதும், தங்கைக்குத் தமிழ்ப் படக்கதை ஒன்றை அவன் படித்துக் காட்டும்படி ஒரு நேரத்தை ஒதுக்குவதும் போதும். டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் கிடைக்கின்றன. அவனுக்கு எழுத்துக்கூட்டும் பயிற்சியும் ஆகும். அவன் தடுமாறினால் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

காணொளி அழைப்பும் யூடியூப்பும் ஒன்றல்ல. சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 24 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களை மூன்று விதமாகக் கற்பித்தார்கள்: நேரில், காணொளி அழைப்பில், முன்பே பதிவு செய்த காணொளியில். நேரிலும் அழைப்பிலும் குழந்தைகள் கற்றார்கள். பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. திரையில் உள்ளவர் குழந்தை சொல்வதைக் கேட்டு அதற்கேற்பப் பதில் சொல்கிறாரா என்பதே வேறுபாடு. யூடியூப் பாட்டு மகிழ்ச்சிக்கு இருக்கட்டும். அதைத் தமிழ் மணிக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

அழைப்பில் "சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா" என்ற விசாரிப்போடு பேச்சு முடிந்துவிடுவதுதான் வழக்கம். அதற்கு மேல் போக, இரு பக்கமும் ஏதாவது வேலை நடக்க வேண்டும். அம்மம்மா அங்கே கீரை ஆய்ந்துகொண்டோ மா அரித்துக்கொண்டோ இருக்கட்டும். இவள் இங்கே தன் விளையாட்டுச் சாமான்களில் அதையே செய்யட்டும். என்ன செய்கிறாய், ஏன் அப்படிச் செய்கிறாய், அடுத்து என்ன என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்கட்டும். நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நம் மாலை ஆறரை மணி கோடையில் அங்கே விடியற்காலை நான்கு மணி, ஆகவே வேலை முடிந்து வந்து அழைக்க முடியாது. காலை ஏழு மணிக்கு அழைத்தால் அங்கே மாலை நான்கரை. நிலையத்துக்குப் புறப்படும் அவசரத்தில் அது முடியாதென்றால், சனி ஞாயிறு காலையில் நீண்ட அழைப்பாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.